கொல்லையில் ஓர் அறை: வரிசை வீட்டின் பின்கட்டை நீட்ட அனுமதி வாங்கிய அனுபவம்

பின்கட்டில் ஓர் அறை சேர்ப்பது என்று முடிவானதும் நான் முதலில் பணம் கட்டி வாங்கியது எங்கள் வீட்டின் பழைய வரைபடத்தை. அம்மாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மாடிப்படி ஏறுவது நாளுக்கு நாள் கடினமாகிக்கொண்டிருந்தது. கீழே கூடமும் சமையலறையும் மட்டுமே. படுக்கையறைகளும் குளியலறையும் மேலே. கூடத்தில் கட்டிலைப் போட்டு அவரைப் படுக்கவைக்க எனக்கும் தம்பிக்கும் மனம் ஒப்பவில்லை. தமக்கென்று ஒரு கதவு, ஒரு ஜன்னல், இரவில் எழுந்தால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கழிப்பறை. இவை இல்லாமல் முதுமையில் மரியாதையாக வாழ முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதைத் தமிழில் எழுதிவைக்க ஒரு காரணம் உண்டு. சிங்கப்பூரில் நம்மவர்களில் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறோம். அங்கே சுவரை வெளியே தள்ளி வீட்டைப் பெரிதாக்கும் பேச்சுக்கே இடமில்லை. 1990களின் மேம்பாட்டுத் திட்டத்தில் சில புளோக்குகளுக்குக் கழகமே ஒரு சிறிய அறையை ஒட்டிக் கொடுத்ததுதான் விதிவிலக்கு. சொந்த மனையோடு கூடிய தரைவீட்டில் இருப்பவர்கள் குறைவு. முறையாக அனுமதி வாங்கி வீட்டை நீட்டியவர்கள் அவர்களிலும் குறைவு. அவர்களைக் கேட்டாலும், "எல்லாவற்றையும் கட்டுமானக் குத்தகையாளரே பார்த்துக்கொண்டார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு அந்தப் பதில் போதவில்லை. எது ஏன் கேட்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டே செய்ய விரும்பினேன்.

எங்கள் வீடு சிராங்கூன் கார்டன்ஸில், 1950களில் உருவான குடியிருப்பில், வரிசை வீடுகளின் நடுவே இருக்கிறது. தரைத்தளத்தோடு சேர்த்து இரண்டு தளம். இரு பக்கமும் சுவரோடு சுவராக அண்டைவீடுகள். மனையின் அகலம் 7 மீட்டர். சமையலறைச் சுவரிலிருந்து பின்னெல்லை வரை கொல்லை 9 மீட்டர் நீளம். அதில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, சமையலறையை ஒட்டி ஒரு தகரக் கூரை. அந்தக் கூரை நாங்கள் வீட்டை வாங்கும்போதே இருந்தது. துணி துவைப்பதும் மீன் கழுவுவதும் அதன் கீழேதான்.

அனுமதி பெற்ற கட்டட வரைபடங்களின் நகலை உரிமையாளர் கட்டட, கட்டுமான ஆணையத்திடம் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம். வந்த நகலைச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் பார்த்தோம். சமையலறையை நீட்டிய பழைய அனுமதி அதில் இருந்தது. தகரக் கூரை இல்லை. முன்பு இருந்தவர்கள் அனுமதி வாங்காமல் போட்டது என்பது அப்போதுதான் தெரிந்தது. கிட்டத்தட்ட 18 சதுர மீட்டர். கண்ணுக்கு முன்னால் நிற்கும் அந்தக் கூரை ஆவணத்தில் இல்லாத ஒன்று.

முதலில் வந்து பார்த்த குத்தகையாளர் ஒருவர் இதையே ஒரு வசதியாகச் சொன்னார். தூண் இருக்கிறது, கூரை இருக்கிறது, நான்கு பக்கமும் சுவரை எழுப்பினால் அறை. யாரும் கேட்கமாட்டார்கள் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. திட்டமிடல் சட்டத்தின் கீழ் அனுமதியில்லாக் கட்டுமானம் குற்றம். இடிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால் அது வீட்டின் இன்றைய உரிமையாளருக்குத்தான் வரும். கூரையைப் போட்டவரைத் தேடிப் போகாது. அந்த அறிவிப்பு வரும் நாளில் உள்ளே படுத்திருப்பது என் அம்மா. அந்தத் தூண்களைத் தட்டிப் பார்த்தபோது இன்னொரு விஷயமும் தெரிந்தது: அவற்றுக்கு அடித்தளமே இல்லை, பழைய சிமெண்ட் தரையின்மேல் நிறுத்தி இறுக்கியிருந்தார்கள்.

அனுமதிக்கு விண்ணப்பிக்க உரிமையாளரால் நேரடியாக முடியாது. தகுதிபெற்ற வல்லுநர் வழியாகவே செல்லவேண்டும். வரைபடத்துக்குப் பதிவுபெற்ற கட்டடக் கலைஞர், கட்டமைப்புக்குப் பதிவுபெற்ற பொறியாளர். இருவரின் பெயரும் அவரவர் வாரியங்களின் பதிவேட்டில் இருக்கின்றனவா என்று யாரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். குத்தகையாளர் தாமே ஒரு வல்லுநரைக் கூட்டி வருவதாகச் சொல்வது வழக்கம். அப்படிச் செய்தால் செலவு குறையலாம். ஆனால் வேலையைச் சரிபார்க்க வேண்டியவர், வேலை செய்பவரின் சம்பளத்தில் இருக்கக்கூடாது என்பது என் எண்ணம். அதனால் கட்டடக் கலைஞரை முதலில் அமர்த்தி, குத்தகையாளரைக் கடைசியில் தேடினோம்.

எங்கள் கட்டடக் கலைஞர் ஒரு கோடு வரைவதற்கு முன்னால் மூன்று வரைபடங்களை வாங்கச் சொன்னார். சாலை எல்லைக்கோடு நிலப் போக்குவரத்து ஆணையத்திடம். வடிகால் வரைபடமும் கழிவுநீர்க் குழாய் வரைபடமும் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம். சாலைக்கோடு வீட்டின் முன்பக்கத்துக்குத்தான் முக்கியம்; பெரும்பாலான தெருக்களில் சாலை எல்லையிலிருந்து 7.5 மீட்டர் தள்ளித்தான் கட்டடம் நிற்கவேண்டும். நாங்கள் முன்பக்கத்தைத் தொடவில்லை. அதைப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டோம்.

எங்கள் திட்டத்தையே மாற்றியது கழிவுநீர் வரைபடம். அதற்கு முன்பு எங்கள் மனக்கணக்கு எளிதாக இருந்தது. வரிசை வீட்டுக்குப் பின்னெல்லையிலிருந்து 2 மீட்டர் இடைவெளி விடவேண்டும். 9 மீட்டரில் 2 போனால் 7 மீட்டர் மிச்சம். தாராளமாக அறை, குளியலறை, துணி துவைக்க இடம் என்று பென்சிலால் போட்டுவைத்திருந்தோம். வரைபடம் வந்தது. எங்கள் வரிசையின் எல்லா வீட்டுக் கொல்லைகளையும் குறுக்கே கடந்து பொதுக் கழிவுநீர்க் குழாய் ஒன்று ஓடுகிறது. எங்கள் மனையில் அது பின்னெல்லையிலிருந்து 2.4 மீட்டரில். நாங்கள் பென்சிலால் வரைந்திருந்த கட்டிலுக்கு நேர் கீழே.

பொதுக் குழாயின்மேல் கட்டடம் எழுப்ப விடமாட்டார்கள். பக்கத்திலும் இடைவெளி வேண்டும். குழாயின் ஆழத்தையும் விட்டத்தையும் பொறுத்து அந்த இடைவெளி மாறும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே அதை அப்படியே கடைப்பிடிக்க வேண்டியிருந்தது: பொறியாளர் அந்தக் குழாயின் ஆள்நுழைகுழி மூடியைத் திறந்து ஆழத்தை அளந்து உறுதிசெய்த பிறகே சுவர் எங்கே நிற்கும் என்று சொன்னார். கடைசியில் புதிய பின்சுவர் எல்லையிலிருந்து 3.6 மீட்டரில் நின்றது. எங்களுக்குக் கிடைத்தது 5.4 மீட்டர்.

இதில் எனக்கு வருத்தம் இருக்கவில்லை. அந்தக் குழாயில் போவது எங்கள் வீட்டுக் கழிவு மட்டுமல்ல, வரிசையில் உள்ள அத்தனை வீடுகளின் கழிவும். என்றைக்காவது அது உடைந்தால் ஆட்கள் வந்து தோண்ட வேண்டும். தோண்டும் இடத்தில் எங்கள் அறை நின்றால் பத்து வீட்டுக் கழிப்பறைகள் எங்களால் அடைபடும். விதி ஏன் இருக்கிறது என்பது தெரிந்தபின் அதோடு மல்லுக்கட்டத் தோன்றவில்லை.

இனி அறை. வரிசை வீட்டில் பக்கச் சுவர்களில் ஜன்னல் வைக்கமுடியாது. அந்தப் பக்கம் அண்டைவீட்டார் மனை. சமையலறையை ஒட்டியே அறையைக் கட்டினால் சமையலறைக்கு இருந்த ஒரே ஜன்னலும் அடைபட்டு, பகலிலும் விளக்குப் போடவேண்டிய இருட்டுக் குகை ஆகிவிடும். இந்தத் தவற்றை எங்கள் வட்டாரத்திலேயே பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். இருப்பது 5.4 மீட்டர்தான் என்றாலும், அதில் 1.6 மீட்டரை வானம் பார்த்த முற்றமாக விட்டுவிடலாம் என்று கட்டடக் கலைஞர் சொன்னபோது தம்பி தயங்கினான். விலை உயர்ந்த மனையில் வெற்றிடமா என்றான். அம்மாதான் தீர்த்துவைத்தார். "ஊரில் நம் வீட்டில் முற்றம் இருந்தது. மழை விழுவதைப் பார்த்துக்கொண்டே சமைப்பேன். விடுங்கள்" என்றார்.

ஆக, சமையலறையைத் தாண்டியதும் 1.6 மீட்டர் ஆழத்தில் முற்றம். அதன் ஓரமாக 1.2 மீட்டர் அகலத்தில் கூரையுள்ள நடைவழி. அதற்குப் பின்னால் 3.8 மீட்டர் ஆழத்தில் புதிய கட்டு: அம்மாவின் அறையும் குளியலறையும், அதை ஒட்டித் துணி துவைக்கச் சிறிய இடமும். வாழும் அறைக்குத் தரைப்பரப்பில் 10 விழுக்காடாவது இயற்கை வெளிச்சத்துக்கான திறப்பு வேண்டும். எங்கள் அறை உள்ளளவில் 14 சதுர மீட்டருக்குச் சற்றே அதிகம்; பின்பக்க ஜன்னல் ஒன்றே 2 சதுர மீட்டரைத் தாண்டுகிறது. முற்றத்துப் பக்கம் இன்னொரு ஜன்னல். இரண்டையும் திறந்தால் காற்று குறுக்கே ஓடுகிறது. மதியத்தில்கூடக் குளிரூட்டி தேவைப்படுவது குறைவு.

முற்றம் வேறொரு சிக்கலையும் தீர்த்தது. வீட்டுக் கழிவுக் குழாய்கள் சேரும் சோதனைத் தொட்டி தகரக் கூரையின் கீழே, சமையலறைச் சுவரின் அருகில் இருந்தது. அடைப்பு வந்தால் திறப்பதற்கு அது எப்போதும் எட்டும்படி இருக்கவேண்டும். அதன்மேல் தரை ஓடு ஒட்டி மறைத்துவிட முடியாது. முற்றத்தில் அது திறந்தவெளியிலேயே அமைந்துவிட்டது. ஆனால் திறந்தவெளி என்றால் மழைநீர் வரும். சிங்கப்பூரில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனிப் பாதைகள். மழைநீர் கால்வாய்களுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் போகிறது. கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலைக்கு. ஒன்று மற்றொன்றில் கலக்கக்கூடாது. அதனால் தொட்டியின் மூடியை முற்றத்துத் தரையைவிட உயர்த்தி இறுக்கமாக மூடும்படி செய்தோம். முற்றத்து மழைநீருக்கு அறையின் தளத்துக்கு அடியே தனிக் குழாய் போட்டு, போதிய சரிவு கொடுத்து, பின்பக்க மழைநீர்க் கால்வாயில் விட்டோம். துணி துவைக்கும் இடத்துக்குக் கூரை இருப்பதால் அதன் நீர் கழிவுநீர்க் குழாய்க்கே போகவேண்டும். பழைய தகரக் கூரையின் கீழே இத்தனை ஆண்டுகளாகச் சோப்பு நீர் மழைநீர்க் கால்வாயில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதில் எனக்குத் தனி நிம்மதி.

அம்மாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. ஈசானிய மூலையில் கழிப்பறை வரக்கூடாது. எங்கள் கொல்லை வடக்கு பார்த்தது. ஈசானியம் என்றால் பின்வலது மூலை. சோதனைத் தொட்டியும் வலப்பக்கம்தான் இருந்தது. குளியலறையை அங்கே வைத்தால் குழாய் நீளம் குறையும். இடப்பக்கம் கொண்டுபோனால் குழாய் முற்றத்தின் அடியில் குறுக்கே வரவேண்டும். சரிவு போதுமா என்று பார்க்கவேண்டும். பொறியாளர் முகம் சுளிக்காமல் கணக்குப் போட்டுப் பார்த்தார். தொட்டியின் ஆழம் இடம் கொடுத்தது. குளியலறை இடப்பக்கம் போனது. அந்த அறையில் வாழப்போகிறவரின் மன அமைதிக்குச் சில மீட்டர் குழாய் அதிகச் செலவு என்று நான் நினைக்கவில்லை.

அடுத்தது, இந்த வேலை எந்த வகையில் சேரும் என்ற கேள்வி. சேர்த்தலும் மாற்றமும் என்ற வகைக்குள் நின்றால் ஒரு பாதை. மறுகட்டுமானம் என்றால் வேறு பாதை, வேறு செலவு. கூடுதல் தளப்பரப்பு ஏற்கெனவே அனுமதி பெற்ற பரப்பில் 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இடித்துப் புதிதாகக் கட்டும் வெளிச்சுவரும் பாதியைத் தாண்டக்கூடாது. அனுமதி பெற்ற பரப்பு என்ற சொற்களைக் கவனிக்கவேண்டும். தகரக் கூரையின் 18 சதுர மீட்டர் அந்தக் கணக்கில் வராது. எங்களிடம் இருந்தது 118 சதுர மீட்டர். புதிதாகச் சேர்வது ஏறத்தாழ 28. கால்பங்குக்குச் சற்றுக் குறைவு. மேலே இன்னொரு தளமோ பரணறையோ எழுப்ப நினைப்பவர்களுக்கு 2015ல் வந்த உயரவரம்பு விதிகள் முக்கியம்: இரண்டு தளப் பகுதியில் 12 மீட்டர், மூன்று தளப் பகுதியில் 15.5 மீட்டர். எங்கள் அறை ஒரே தளம். அந்த வரம்பு எங்களைத் தொடவே இல்லை.

திட்ட அனுமதி தரும் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் இரண்டு வழிகள் இருக்கின்றன. வரைபடத்தை ஆராய்ந்து முடிவு சொல்லும் முழு விண்ணப்பம் ஒன்று. அதில் திருத்தங்கள் தேவைப்பட்டால் முதலில் 6 மாதத்துக்குச் செல்லுபடியாகும் தற்காலிக அனுமதி வரும். குறைகளைச் சரிசெய்தபின் 2 ஆண்டுக்கான எழுத்துபூர்வ அனுமதி. மற்றொன்று, எல்லா விதிகளுக்கும் முழுதாக உட்பட்ட தரைவீட்டு வரைபடங்களைத் தகுதிபெற்ற வல்லுநரே பொறுப்பேற்றுச் சமர்ப்பித்துப் பதிவுசெய்யும் வழி. இது விரைவானது. ஆனால் ஒரு விதியில் சிறிது விலகினாலும் இந்த வழி கிடையாது.

அம்மாவுக்குப் பின்பக்கம் மீதமிருந்த 3.6 மீட்டரிலும் துணி காயப்போட ஒரு கூரை வேண்டும் என்ற ஆசை இருந்தது. அது விடவேண்டிய இடைவெளிக்குள் வரும். கீழே குழாய் வேறு. விண்ணப்பித்து வாதாடிப் பார்க்கலாமா என்று தம்பி கேட்டான். நான் வேண்டாம் என்றேன். அந்தத் திறந்தவெளி எங்கள் மனையில் இருந்தாலும், அதன் காற்றும் வெளிச்சமும் பின்வீட்டுக்கும் சேர்ந்தவை. அவர்களும் தங்கள் பக்கம் அதே இடைவெளியை விட்டிருக்கிறார்கள். இருவரும் விட்டிருப்பதால்தான் எங்கள் ஜன்னலில் வெளிச்சம் விழுகிறது. துணிக் கொடியை முற்றத்தில் கட்டிக்கொண்டோம். வரைபடம் எந்த விலகலும் இல்லாமல் பதிவானது.

பதிவாவதற்கு முன்பே அண்டைவீட்டாரிடம் வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனேன். தூசியும் சத்தமும் வாங்கப்போகிறவர்கள் அவர்கள். வேலை ஆரம்பிக்கும் நாளில் லாரி வந்து நின்ற பிறகு தெரிந்துகொள்வது அவர்களுக்கு அவமரியாதை. இடப்பக்கத்துச் சீன அங்கிள் வரைபடத்தைவிட நாட்காட்டியைத்தான் அதிகம் பார்த்தார். சீனப் புத்தாண்டுக்கு முன்தினம் பிள்ளைகள் எல்லாரும் சாப்பிட வருவார்கள், அன்றைக்கு இடிக்காமல் இருக்கமுடியுமா என்று கேட்டார். அந்த வாரத்தையே வேலை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டோம். வலப்பக்கத்து மலாய்க் குடும்பத்தில் பெரியவரை நாங்கள் மக்சிக் என்று அழைப்போம். அவர் கவலை வேறு. அவருடைய சமையலறை ஏற்கெனவே எங்கள் எல்லையை ஒட்டி நிற்கிறது. நாங்கள் பக்கத்தில் தோண்டினால் அவர் சுவர் விரியாதா? நியாயமான கேள்வி. பின்வீட்டு ஆன்ட்டிக்கு ஜன்னலைப் பற்றித் தயக்கம். ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மங்கலான கண்ணாடி போடுவதாகச் சொன்னோம். எனக்கும் அது நல்லதாகவே பட்டது.

மக்சிக்கின் கேள்விக்குப் பொறியாளர் மூன்று விதமாகப் பதில் வைத்தார். முதலில், வேலைக்கு முன்னால் மூன்று வீடுகளின் சுவர்களையும் தரைகளையும் படமெடுத்து, ஏற்கெனவே இருந்த விரிசல்களை அளந்து, தேதியோடு அறிக்கையாக்கி, அவரவர் பிரதியை அவரவர் கையில் கொடுத்தோம். பிற்பாடு ஒரு விரிசல் தெரிந்தால் அது பழையதா புதியதா என்று சண்டை போடவேண்டாம். இரண்டாவதாக, எல்லை ஓரத்தில் சிறு குழி தோண்டி மக்சிக் வீட்டு அடித்தளம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பார்த்தார். மூன்றாவதாக, அடித்தளத்துக்கு அடித்து இறக்கும் தூண்களைத் தவிர்த்து, துளையிட்டு நிரப்பும் மைக்ரோ பைல் என்ற மெல்லிய தூண்களைத் தேர்ந்தெடுத்தார். அதிர்வு மிகக் குறைவு. கொல்லைக்குள் வரக்கூடிய சிறிய இயந்திரமே போதும்.

வரிசை வீட்டில் இயந்திரம் கொல்லைக்கு எப்படிப் போகும்? கூடத்தின் வழியாகத்தான். தரைக்குப் பலகை விரித்து, அம்மாவைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இயந்திரத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றி உள்ளே கொண்டுபோனார்கள். கான்கிரீட்டும் தள்ளுவண்டியில் அதே வழிதான். மதிப்பீடு கேட்கும்போதே இந்தப் பாதையைக் குத்தகையாளருக்கு நடந்து காட்டிவிடவேண்டும். கூலியில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதியோடு காகித வேலை முடிந்துவிடாது. கட்டமைப்பு வரைபடத்துக்குக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் ஒப்புதல் தனி. அதற்குப் பிறகு வேலை தொடங்க அனுமதி. கட்டுநருக்கு உரிமம் இருக்கவேண்டும். கழிவுநீர்க் குழாய் பக்கத்தில் இருப்பதால் வேலைக்கு முன் ஒரு முறை குழாய்க்குள் கேமரா விட்டுப் பதிவுசெய்தோம்; வேலை முடிந்தபின் இன்னொரு முறை. முதல் பதிவில் குழாய் நல்ல நிலையில் இருந்தது தெரிந்ததும் பொறியாளரின் முகம் தெளிந்தது.

முதலில் தகரக் கூரை இறங்கியது. முருங்கை குழாய்க்கு மிக அருகில் வேர்விட்டிருந்ததால் அதையும் எடுக்கவேண்டியிருந்தது. நல்ல கிளைகளை வெட்டி வைத்துக்கொண்டோம். ஒன்று வேர்பிடித்துவிட்டது, இப்போது முன்பக்கம் பெரிய தொட்டியில் இருக்கிறது. கறிவேப்பிலைக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

வேலையை மேற்பார்த்தவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். இந்த ஊரில் எத்தனையோ வீடுகளைக் கட்டியவர். பழைய வீட்டையும் புதிய கட்டையும் இணைக்கும் இடத்தைக் காட்டி, "அண்ணே, இங்கே கம்பியைக் கோத்து ஒன்றாக்கச் சொல்வார்கள். வேண்டாம். இரண்டும் ஒரே மாதிரி இறங்காது" என்றார். பொறியாளரின் வரைபடமும் அதையேதான் சொன்னது. பழைய வீடு பல பத்தாண்டுகளாக மண்ணில் இறங்கி அமர்ந்துவிட்டது. புதியது இனிமேல்தான் அமரும். இரண்டையும் இறுகப் பிணைத்தால் இடையில் எங்காவது விரியும். அதனால் நடைவழி சமையலறைச் சுவரைத் தொடும் இடத்தில் சிறு இடைவெளி விட்டு, வளைந்து கொடுக்கும் பசையால் நிரப்பி, மேலே கூரையில் மழை நுழையாதபடி உலோகப் பட்டையை ஒரு பக்கம் மட்டும் பொருத்தினார்கள். சுவரில் அந்தக் கோடு தெரிகிறது. தெரிந்தால் தெரியட்டும், அது ஒழுங்காக வேலை செய்கிறது என்பதன் அடையாளம்.

தளக் கான்கிரீட் போடுவதற்கு முன் மண்ணுக்குக் கரையான் மருந்து அடிக்கச் சொல்லுங்கள். தரைவீட்டில் இதைத் தவிர்க்கவே கூடாது. தளம் போட்டபின் செய்வது பலமடங்கு கடினம். கான்கிரீட் கனசதுரங்களை 7 நாளிலும் 28 நாளிலும் நசுக்கிப் பார்த்த சோதனை முடிவுகளைப் பொறியாளரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். குளியலறைத் தரைக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசியபின் 24 மணி நேரம் தண்ணீரைத் தேக்கி வைத்துப் பார்த்தோம். ஓடு ஒட்டுவதற்கு அவசரப்படும் வேலையாளைத் தடுத்து நிறுத்த வேண்டிய ஒரே இடம் இதுதான்.

சத்தத்துக்குத் தெளிவான விதி இருக்கிறது. குடியிருப்புகளிலிருந்து 150 மீட்டருக்குள் உள்ள கட்டுமான இடங்களில் சனிக்கிழமை இரவு 10 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை வேலை கூடாது. பொது விடுமுறை நாள்களுக்கும் அப்படியே. நாங்கள் மற்ற நாள்களிலும் உடைப்பு வேலையைக் காலை 9 மணிக்கு மேல்தான் தொடங்கச் சொன்னோம். அங்கிளின் மனைவி இரவு முழுவதும் சரியாகத் தூங்குவதில்லை, விடிந்தபின்தான் கண் அயர்கிறார் என்று தெரியும். கொசு விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். தோண்டிய குழியிலும் சாரப்பலகையின் மேலும் ஒரு மழைக்குத் தண்ணீர் நிற்கும். டெங்கி வந்தால் முதலில் பாதிக்கப்படுவது அந்த இடத்திலேயே வேலை செய்பவர்கள். மேற்பார்வையாளர் மாலையில் கிளம்புமுன் தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் போவார்.

உள்வேலையில் அம்மாவுக்காகச் சில தேர்வுகள். சமையலறைத் தரைக்கும் புதிய அறைக்கும் இருந்த உயர வேறுபாட்டைப் படியாக விடாமல் 1:12 சரிவாக நடைவழியிலேயே கரைத்துவிட்டோம். கதவுகள் சக்கர நாற்காலி திரும்பும் அகலம். குளியலறைக் கதவு பக்கவாட்டில் நகரும் இழுப்புக் கதவு. உள்ளே யாராவது விழுந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை விழுந்தவரின் உடலே தடுத்துவிடும். கைப்பிடிகள் வரப்போகும் இடங்களில் சுவருக்குள் முன்கூட்டியே பலமான பலகை வைத்தோம். கைப்பிடி இப்போது இரண்டு, பின்னால் எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

வேலை முடிந்ததும் வல்லுநர்கள் தங்கள் சான்றுகளைச் சமர்ப்பித்தார்கள். வரைபடத்துக்கும் கட்டியதற்கும் வேறுபாடு இருந்தால் இங்கேதான் பிடிபடும். வேலை நடக்கும்போது, ஜன்னலை இன்னும் கொஞ்சம் அகலமாக்கலாமே, கூரையை ஓரடி வெளியே நீட்டலாமே என்று ஆளுக்கு ஒன்று தோன்றும். உறவினர்கள் வந்து பார்க்கும்போது இன்னும் அதிகமாகத் தோன்றும். எதையும் மாற்றவில்லை. கட்டட முடிவுச் சான்றிதழ் தடையின்றி வந்தது. வீட்டின் ஆண்டு மதிப்பு மறுபடியும் கணிக்கப்படும், சொத்துவரி அதற்கேற்ப மாறும். வரவுசெலவுக் கணக்கில் அதற்கும் இடம் ஒதுக்கிவிட்டோம்.

அம்மா குடிபுகுந்து ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்திருக்கிறது. முற்றத்து நீர் தேங்காமல் ஓடுகிறது. இணைப்புக் கோட்டில் ஓரிடத்தில் பசை சற்று விலகியிருந்தது. புதிய கட்டு அமரத் தொடங்கியிருக்கிறது, எதிர்பார்த்ததுதான் என்றார் பொறியாளர். சுரண்டி எடுத்துப் புதிதாக நிரப்பினோம். அடுத்த மழைக்காலத்துக்கு முன் மறுபடியும் பார்க்கவேண்டும். மக்சிக் வீட்டுச் சுவரில் புதிய விரிசல் எதுவும் இல்லை. அவரும் கீழே ஓர் அறை கட்ட யோசிக்கிறார். அவர் கொல்லையிலும் அதே குழாய்தான் ஓடுகிறது. எங்கள் கழிவுநீர் வரைபடத்தின் நகலையும் பொறியாளரின் எண்ணையும் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஆழத்தை அவர் தமது மனையில் தனியாக அளந்தே ஆகவேண்டும். சரிவில் ஓடும் குழாய், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் ஆழம் மாறிவிடும்.